புதன்கிழமைத் தண்ணீர்

வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வருவதால் அம்மாவின் பழைய அலுமாரியை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். சேலைகளுக்கு அடியில், ஒரு பழைய துவாய்த் துண்டில் சுற்றிச் சின்னக் கண்ணாடிப் போத்தல் ஒன்று கிடந்தது. தோட்டத்து டிஸ்பென்சரிக்கு மருந்து வாங்க நாங்கள் கொண்டுபோகும் போத்தல். எத்தனை வேளை குடிக்கவேண்டும் என்று காட்டுவதற்கு ஓரத்தைப் பல் பல்லாக வெட்டி ஒட்டுவார்களே, அந்தக் காகிதத்தின் மிச்சம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்தேன். உள்ளே இருந்த தண்ணீர் எப்போதோ வற்றிப் போயிருந்தது. மணம் மட்டும் போகவில்லை. சந்தனம், பிச்சிப்பூ, இன்னும் ஏதோ பச்சிலை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் அதற்குப் புதன்கிழமைத் தண்ணீர் என்று பெயர். கண்டி தலதா மாளிகையில் தினமும் விடியலில், முற்பகலில், மாலையில் என்று மூன்று தேவாவ, அதாவது பூசைகள், நடக்கும். புதன்கிழமைகளில் மட்டும் காலைப் பூசையோடு நானுமுற மங்கல்யம் சேரும். மூலிகையும் வாசனைப் பூக்களும் சேர்ந்த நீரால் புத்தரின் தந்தத்துக்கு அடையாளமாகச் செய்யும் திருமஞ்சனம் அது. முடிந்ததும் அந்த நீரை வந்திருக்கும் சனங்களுக்குக் கொடுப்பார்கள். அது நோய் தீர்க்கும் என்பது ஊர் நம்பிக்கை. எங்களுக்குக் காய்ச்சல் வந்தாலும், பரீட்சை வந்தாலும், அப்பாவுக்குத் தோட்டத்தில் ஏதும் பிரச்சினை வந்தாலும் அம்மா அந்தப் போத்தலை எடுப்பார். விரல் நுனியில் தொட்டு, நெற்றியில் பூசியிருக்கும் திருநீற்றின் மேலேயே வைப்பார். இரண்டும் ஒரே நெற்றியில் இருப்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் எந்தக் கேள்வியும் இருந்ததில்லை.

அந்தப் பழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அப்பாயி. அப்பாவின் அம்மா. ஹந்தானைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து, வயதாகிச் செக்ரோலில் பேர் வெட்டிய பிறகு லயத்தில் சும்மா இருக்க மாட்டாமல் டவுனுக்கு இறங்கத் தொடங்கினார். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். அப்போது ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடையாது. போயா நாட்களே வார விடுமுறை. 1966இல் தொடங்கிய அந்த முறை 1971 வரை இருந்தது. நிலா வளர்வதையும் தேய்வதையும் பார்த்தே பள்ளிக்கூடம் எப்போது இல்லை என்று கணக்குச் சொல்லிவிடுவோம். என் பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது கதை விடுவதாக நினைத்தார்கள்.

பனி இறங்கிக்கொண்டிருக்கும்போதே கிளம்பிவிடுவோம். தேயிலைச் சரிவில் கொங்கிறீட் படியும் மண் பாதையுமாக இறங்கினால் ஒரு வளைவில் கண்டி முழுவதும் கண்ணுக்குத் தெரியும். நடுவில் வாவி, அதன் கரையில் மாளிகையின் கூரை, பின்னால் உடவத்தைக் காடு. அந்த வளைவுக்கு வந்ததும் அப்பாயி நின்றுவிடுவார். தலையில் போட்டிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அங்கிருந்தே ஒரு கும்பிடு. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிப் பக்கமாக இறங்கி டவுனுக்குள் போவோம். மாளிகைக்குப் போகும் வழியில் பூக்காரர்கள் வரிசையாக இருப்பார்கள். வெள்ளைத் தாமரை, நீல மானெல், அரலியா, பிச்சி. தாமரையை வாங்கிய கையோடு யாரும் கொண்டுபோக மாட்டார்கள். வெளியிதழ்களை ஒவ்வொன்றாக உள்ளே மடித்து மொட்டை விரித்துக்கொண்டுதான் போவார்கள். அந்த மடிப்பை எனக்குச் சொல்லித் தந்தவர் ஒரு சிங்களப் பூக்காரம்மா. "துவே, இப்படி இல்லை, இப்படி" என்று என் கையைப் பிடித்துக் காட்டினார். இன்றும் தாமரையைக் கையில் எடுத்தால் விரல் தன்னால் மடிக்கத் தொடங்கிவிடும்.

வாசலில் சந்திரவட்டக்கல். அதன்மேல் கால் வைக்க அப்பாயி கூச்சப்படுவார். ஓரமாக ஒதுங்கி ஏறுவார். உள்ளே போனதும் பறைகளின் சத்தம் காதை அடைக்கும். கெட்ட பெர, தவுல, தம்மெட்டம, நடுவே ஹொரணாவ. ஹொரணாவ ஒலிக்கத் தொடங்கியதும் அப்பாயியின் முகம் மலர்ந்துவிடும். "நம்ம நாயனம்தான்" என்பார். மாடியில் நீண்ட மேசை முழுக்கப் பூக்கள். அதற்கு அப்பால் கதவுகள், யானைத் தந்தங்கள், திரைகள். தேவாவ நேரத்தில் கதவு திறந்திருக்கும். வரிசை நகர நகர, ஒரு கணம் தூரத்தில் பொன்னிறமாகக் கரண்டுவ தெரியும். தூபி வடிவில் இருக்கும் பேழை அது. ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு பேழைகள், கடைசிப் பேழைக்குள் தந்தம். கூட்டம் பின்னால் தள்ளும். கிடைக்கும் அந்த ஒரு கணத்துக்குள் என்ன கேட்பது என்று எனக்கு ஒன்றும் தோன்றாது. அப்பாயியோ உரத்த குரலில், "புத்தசாமி, பிள்ளைகளைக் காப்பாத்து, முருகா" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார். பக்கத்தில் வெள்ளை உடுத்து நிற்பவர்கள் "சாது, சாது, சாது" என்பார்கள். யாரும் அப்பாயியைத் திரும்பிப் பார்த்து முகம் சுளித்ததாக எனக்கு நினைவில்லை.

கலிங்கத்திலிருந்து இளவரசி ஹேமமாலா தன் கூந்தலுக்குள் தந்தத்தை ஒளித்துவைத்து, கணவன் தந்த குமாரனோடு கடல் தாண்டிக் கொண்டுவந்த கதையை எனக்கு முதலில் சொன்னதும் அப்பாயிதான். 4ஆம் நூற்றாண்டில், கீர்த்தி ஸ்ரீ மேகவண்ணன் அநுராதபுரத்தில் ஆண்ட காலத்தில் நடந்ததாகப் பிறகு புத்தகத்தில் படித்தேன். அப்பாயிக்கு ராஜா பெயரெல்லாம் தெரியாது. ஒரு பொம்பளைப் பிள்ளை தலைமுடிக்குள்ளே சாமியைச் சுமந்துகொண்டு கடல் தாண்டி வந்தாள் என்பது போதும். "நானும் எங்கம்மா இடுப்புல இருந்து இப்பிடித்தான் கடல் தாண்டி வந்தேன்" என்று அதோடு ஒட்டிக்கொள்வார்.

மாளிகையோடு அப்பாயியின் வழிபாடு முடியாது. பக்கத்திலேயே நாத தேவாலயம். கண்டி நகரில் இருக்கும் கட்டடங்களிலேயே பழையது, 14ஆம் நூற்றாண்டு. அதைத் தாண்டினால் பத்தினி தேவாலயம். அங்கே போனதும் அப்பாயி வேறு ஆளாகிவிடுவார். மாளிகையில் இருந்த பணிவு கொஞ்சம் தளர்ந்து, தாய் வீட்டுக்கு வந்த மாதிரி உரிமையோடு பேசுவார். பத்தினி நம் கண்ணகிதான். சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கைக் கயவாகு மன்னன் வந்திருந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அவன் அங்கிருந்து சிலம்பைக் கொண்டுவந்தான் என்பது சிங்களவர் வழிவழியாகச் சொல்லும் கதை. பிள்ளைகளுக்கு அம்மை போட்டால் மலையகத்தில் மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வோம். சிங்களக் கிராமங்களில் பத்தினிக்கு நேர்ந்துகொள்வார்கள். அப்பாயி இரண்டு பேருக்கும் நேர்ந்துகொள்வார்.

எசல பெரஹரா ஊர்வலம் வந்தால் தோட்டமே கீழே இறங்கும். திருகோணமலை வீதி என்று அப்போது அழைத்த தெருவில், இன்று அது டி. எஸ். சேனாநாயக்க வீதி, மத்தியானமே பாய் விரித்து இடம் பிடிப்போம். ரொட்டியும் சம்பலும் எண்ணெய்த்தாளில் சுற்றியிருக்கும். பெரஹராவுக்கு முன்னால் சாட்டையடிப்பவர்கள் வருவார்கள். அந்த வெடிச் சத்தத்தில் சின்னப் பிள்ளைகள் அழும். பிறகு தீப்பந்தங்கள். இரும்புக் கூட்டில் கொப்பரை எரியும் வாசனை தெருவெங்கும் பரவி, மறுநாளும் எங்கள் துணியில் இருக்கும். வெள்ளித் தலைப்பாகையோடு வெஸ் ஆட்டக்காரர்கள், பறைக்காரர்கள், யானைகள். வெள்ளைத் துணி விரித்த பாதையில் ராஜா வந்ததும் தெருவே எழுந்து நிற்கும். மட்டக்களப்புப் பக்கத்து ஏறாவூர்க் காட்டில் பிடிபட்ட அந்தக் கொம்பன், எங்கள் காலத்தில் ஆண்டாண்டாகக் கரண்டுவவைச் சுமந்தது. 1988இல் அது இறந்தபோது எங்கள் தெருவில் வெள்ளைக்கொடி கட்டியிருந்தார்கள். இன்று பாடம் செய்த உடலாக மாளிகைக்குப் பக்கத்து அருங்காட்சியகத்தில் நிற்கிறது. எனக்கு அங்கே போக மனம் வருவதில்லை. நான் பார்த்த ராஜா ஒரு அடி வைத்து, நின்று, துதிக்கையால் காற்றைப் பிடித்துப் பார்த்து, மறு அடி வைக்கும்.

மாளிகையின் ஊர்வலம் போன பிறகு நாத, விஷ்ணு தேவாலயங்களின் ஊர்வலம். அதற்கடுத்துக் கதிர்காமத் தேவாலயம். காவடிகள் ஆடிவரும். அதுவரை "சாது" சொல்லிக்கொண்டிருந்த அப்பாயி "அரோகரா" என்று கத்துவார். எங்களைச் சுற்றியிருந்த தோட்டத்துச் சனமெல்லாம் கூடவே கத்தும். கடைசியில் பத்தினி. அப்போது அப்பாயி கத்த மாட்டார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். இந்த ஊர்வலம் முன்பு நான்கு தேவாலயங்களின் தெய்வங்களுக்காக நடந்தது. கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில்தான் தந்தப் பேழை அதற்குத் தலைமை ஏற்றது. 1747 முதல் 1782 வரை ஆண்ட அந்த மன்னன் மதுரைப் பக்கத்து நாயக்கர் குடும்பத்துப் பிள்ளை. சியாமிலிருந்து உபாலி தேரரை 1753இல் வரவழைத்து, இத்தீவில் அறுந்துபோயிருந்த, உபசம்பதா என்னும் பிக்குகளின் உயர் துறவேற்பு மரபுக்கு உயிர் கொடுத்தவனும் அவன்தான். திருநீறு பூசுகிறான் என்று அவன்மீது குறை சொன்னவர்கள் இருந்தார்கள், கொல்லச் சதி செய்தவர்களும் இருந்தார்கள். ஆனாலும் பௌத்தத்துக்கு அவன் செய்தது எவரும் அழிக்க முடியாமல் நிற்கிறது. பள்ளியில் வரலாறு படிப்பித்த காலத்தில் இந்தப் பாடம் வரும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் நெற்றி நினைவுக்கு வரும்.

அப்பாயியின் பேர் வந்துவிட்டது என்று ஒருநாள் சொன்னார்கள். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி மலையகத் தமிழரில் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா எடுத்துக்கொள்ளவும், மூன்று லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கவும் முடிவாகியிருந்தது. அந்த எண்ணிக்கையில் எங்கள் குடும்பமும் பிளந்தது. அப்பா இங்கேயே விண்ணப்பித்திருந்தார். சித்தப்பா இந்தியாவுக்கு எழுதியிருந்தார், அப்பாயியின் பேர் சித்தப்பாவின் அட்டையில் இருந்தது. தகர டிரங்குப்பெட்டி வாங்கினார்கள். அதன் மூடியில் வெள்ளைப் பெயின்டில் பேரையும், பார்த்தேயிராத ஒரு ஊரையும் எழுதினார்கள்.

போவதற்கு முன்பு ஒரு புதன்கிழமை அப்பாயி என்னைக் கூட்டிக்கொண்டு மாளிகைக்கு இறங்கினார். அன்று வளைவில் நிற்கவில்லை. விறுவிறுவென்று நடந்தார். மாளிகையில் பூ வைத்து, தண்ணீர் வாங்கி, பத்தினி தேவாலயத்துக்குப் போனோம். பழத்தட்டை வாங்கிய தேவாலயப் பூசாரியான கப்புறாளை பேர் என்ன, ஊர் என்ன, என்ன குறை என்று கேட்டார். "கண்டி, ஹந்தானை" என்றார் அப்பாயி. பிறகு அவருக்குத் தெரிந்த சிங்களத்தில், கப்பலில் போகப்போகிறேன் என்று சொன்னார். கப்புறாளை திரைக்கு முன்னால் நின்று இராகம்போட்டு மன்றாடத் தொடங்கினார். எனக்கு அப்போதே நன்றாகச் சிங்களம் தெரியும். இந்தத் தாய் கடல் தாண்டிப் போகிறாள், காற்றும் அலையும் அடங்கியிருக்கட்டும், போகிற இடத்தில் அவள் அடுப்பு அணையாமல் இருக்கட்டும், அவள் விட்டுப்போகும் பிள்ளைகளுக்கு நோய் நொடி வராமல் இருக்கட்டும் என்று நீண்டுகொண்டே போனது. அப்பாயிக்குப் பாதி விளங்கியிருக்கும். ஆனால் ஹந்தானை என்ற சொல் அந்தப் பாட்டுக்குள் வரும்போதெல்லாம் தலையை ஆட்டினார். ஒரு சதம் நாணயத்தை வெள்ளைத் துணியில் முடிந்து அங்கே கட்டிவிட்டு வந்தோம். திரும்பி வந்து அவிழ்க்க வேண்டிய முடிச்சு அது.

கண்டி ஸ்டேஷனில் அன்று இரவு எழுந்த அழுகையை என்னால் எழுத முடியாது. தலைமன்னாருக்குப் போகும் அந்தக் கோச்சிக்கு மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் வந்துவிட்டது. கோச்சி நகரத் தொடங்கியபோது அப்பாயி ஜன்னல் வழியாக அம்மாவின் கையில் அந்த மருந்துப் போத்தலைக் கொடுத்தார். "விடாம வாங்கு" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

இதை நினைக்கும்போதெல்லாம் கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் கூடவே நினைவுக்கு வருகிறான். கண்ணுசாமி என்ற பெயரோடு பிறந்த நாயக்க வம்சத்தவன். இன்று கண்டி என்றால் உலகம் பார்க்கும் படத்தில் இருக்கும் வாவியும், மாளிகையின் முகப்பில் எட்டுப் பட்டையாக நிற்கும் பத்திரிப்புவவும், மதிலில் ஓடும் மேகச் சுருளும் அவன் காலத்துப் பணிகள். சிற்பி தேவேந்திர மூலாசாரி. 1815 மார்ச் 2ஆம் தேதி அரச சபை மண்டபமான மகுல் மடுவவில் கண்டிப் பிரபுக்கள் ஆங்கிலேயரோடு ஒப்பந்தம் எழுதி அவன் அரசை முடித்தார்கள். அந்தப் பத்திரத்தில் சில பிரபுக்கள் தமிழ் எழுத்தில் கையொப்பமிட்டிருக்கிறார்கள். அரசனைக் கப்பலேற்றி வேலூருக்கு அனுப்பினார்கள். 1832இல் அங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் அவன் கல்லறை இருக்கிறது. மாளிகையைக் கட்டி அழகுபார்த்த அரசனையும், அந்த மாளிகையில் பூ வைத்த கொழுந்து பறிக்கும் கிழவியையும் ஒரே திசையில் அல்லவா அனுப்பினார்கள். அவனுடைய சொந்தக்காரர்கள் குடியிருந்த தெருவுக்கு மலபார் வீதி என்று பெயர். அதன் வழியாகப் போகும்போது ஒவ்வொரு முறையும் என் நடை கொஞ்சம் தாமதமாகும்.

அப்பாயி நீலகிரியில் கோத்தகிரிக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தார். தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் சித்தப்பாவுக்கு வேலை. அங்கே அவர்களைச் சிலோன்காரர்கள் என்றார்கள். இங்கே எங்களை இந்தியாக்காரர்கள் என்றார்கள். அப்பாயிக்கு எழுத வராது, சித்தப்பா எழுதுவார். எல்லாக் கடிதத்திலும் கடைசி வரி ஒன்றுதான்: புதன்கிழமைத் தண்ணி வாங்கினீங்களா? அம்மா அதற்காகவே போனார் என்று நினைக்கிறேன். முதலில் மாமியாரின் சொல்லுக்காக. பிறகு பழக்கத்தால். மாமியார் இறந்தார் என்று தந்தி வந்த பிறகு அம்மா தனக்காகப் போகத் தொடங்கினார்.

1983 ஆடியில் கண்டி டவுனில் தமிழர் கடைகள் எரிந்தன. அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுவேன். அதற்குப் பிறகு சில மாதங்கள் அம்மா போத்தலை எடுக்கவில்லை. பிறகு போனார். ஆனால் 1998இல் நடந்தது வேறு. அந்த ஜனவரி 25ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. விடுதலைப் புலிகளின் லொறிக்குண்டு மாளிகையின் வாசலில் வெடித்திருந்தது. சுதந்திரத்தின் ஐம்பதாம் ஆண்டு விழாவைக் கண்டியில் நடத்த அலங்காரங்கள் கட்டிக்கொண்டிருந்த நேரம். குழந்தைகள் உட்பட உயிர்கள் போயின. முகப்பு சிதைந்தது, கூரை இறங்கியது, அப்பாயி மிதிக்கக் கூச்சப்பட்ட சந்திரவட்டக்கல் உடைந்தது. உள்ளறையில் பேழைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று வானொலியில் சொன்னபோது அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். எதற்காக அழுகிறார் என்று நான் கேட்கவில்லை. பயத்தில் அழுதார், கோபத்தில் அழுதார், வெட்கத்திலும் அழுதார் என்று பிறகு எனக்குப் புரிந்தது. எங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு எங்கள் கோயிலை உடைத்துவிட்டார்கள் என்று அன்று இரவு அவர் சொன்னார். எங்கள் கோயில் என்றுதான் சொன்னார்.

அடுத்த மாதங்களில் நகரம் இறுகிக் கிடந்தது. ஒவ்வொரு சந்தியிலும் அடையாள அட்டை. அட்டையில் பெயரைப் படித்ததும் காவலுக்கு நிற்கும் பையனின் கண் மாறுவதைப் பார்ப்பதே ஒரு வேதனை. அவனுக்கும் இருபது வயதுதான் இருக்கும். முன்பு மாளிகைக்கும் வாவிக்கும் நடுவில் பஸ்ஸும் லொறியும் ஓடிய பாதையை வாகனங்களுக்கு மூடிவிட்டார்கள். சின்ன வயதில் அந்தப் பாதையில் பஸ்ஸில் போகும்போது பஸ்ஸுக்குள் இருக்கும் எல்லோரும், தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும், மாளிகைப் பக்கம் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். இன்று அந்த இடத்தில் சத்தமில்லாமல் நடக்கலாம், வாவியில் மீன் பார்க்கலாம், நல்லதுதான். ஆனாலும் பஸ் நிறையச் சனம் ஒரே பக்கம் திரும்புவது இந்த ஊரின் ஒரு வழிபாடாக இருந்தது, அது போய்விட்டது.

மீண்டும் போவோம் என்று முதலில் சொன்னது அம்மாதான். நான் வேண்டாம் என்றேன். அம்மா வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு வாசலில் நின்றார். நானும் கூடப் போனேன். பூக்கடைகள் பழைய இடத்தில் இல்லை. கொஞ்சம் தள்ளி, தடுப்பு வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தன. எங்களுக்கு எப்போதும் பூக் கொடுக்கும் பூக்காரம்மா அங்கே இருந்தார். எனக்குத் தாமரை மடிக்கச் சொல்லித் தந்தவரின் மகள். என் கால் தயங்கியது. அவர் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார், தட்டில் பிச்சிப்பூவை வழக்கத்தைவிட ஒரு பிடி கூட அள்ளி வைத்தார், வழக்கமான காசையே வாங்கினார். பிறகு, "போத்தல் கொண்டுவந்தீங்களா? இன்றைக்குப் புதன்கிழமை" என்று கேட்டார். அம்மா கைப்பைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார். தடுப்பில் ஒரு பெண் பொலிஸ் அந்தப் போத்தலைத் திறந்து முகர்ந்து பார்த்தார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை, மூடித் திருப்பிக் கொடுத்தார்.

கொத்தர்களும் சிற்பிகளும் மாதக்கணக்கில் வேலை செய்து முகப்பை நிமிர்த்தினார்கள். அம்மா ஒவ்வொரு முறையும் எது எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று கவனித்துவந்து அப்பாவிடம் சொல்வார். தன் சொந்த வீடு கட்டும்போதும் அவர் அத்தனை அக்கறையாகக் கொத்தர் வேலையைப் பார்த்ததில்லை.

அம்மா போன பிறகு எனக்குப் புதன்கிழமைகள் தவறத் தொடங்கின. 2025 ஏப்ரலில்தான் மீண்டும் மாளிகை என்னை இழுத்தது. 2009க்குப் பிறகு, பதினாறு ஆண்டுகள் கழித்து, தந்தத்தை வெளியே வைத்துச் சனங்கள் நேரில் கும்பிட விட்டார்கள். ஸ்ரீ தலதா வந்தனாவ. 18ஆம் தேதியிலிருந்து பத்து நாள். வரிசை மாளிகையில் தொடங்கி எங்கள் வீதியையும் தாண்டி எங்கேயோ போனது. நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் கைக்குழந்தையோடு வந்தவர்கள் இரவு முழுவதும் தெருவில் இருந்தார்கள். பள்ளிவாசல்கள் கதவைத் திறந்து அவர்களைப் படுக்க விட்டன, சாப்பாடு கொடுத்தன. நாங்கள் எங்கள் வீட்டு வாசலில் மேசை போட்டுப் பிளேன்டீயும் தண்ணீரும் கொடுத்தோம். கழிவறையைத் திறந்துவிட்டோம். ஒரு வயதான பெண் பிளேன்டீயைக் குடித்துவிட்டு, நீங்கள் வரிசையில் வரவில்லையா என்று கேட்டார். எங்கள் வீடு இங்கேதான், தூரத்திலிருந்து வந்தவர்கள் முதலில் பார்க்கட்டும் என்றேன். அவர் என் தலையில் கை வைத்தார்.

போத்தல் கிடைத்த சில நாட்களில் சித்தப்பாவின் பேத்தி கோத்தகிரியிலிருந்து வந்தாள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள், என்னை அத்தை என்று கூப்பிடுகிறாள். முதல்முறையாக இலங்கைக்கு வருகிறாள். அப்பாயியின் கொள்ளுப்பேத்திக்கு என்ன காட்டுவது என்று யோசிக்கவே இல்லை. புதன்கிழமை காலையில் மாளிகைக்குப் போனோம். வாசலில் அவளுடைய பாஸ்போர்ட்டைக் கேட்டார்கள். வெளிநாட்டவருக்குச் சீட்டு வாங்க வேண்டும், சார்க் நாட்டவருக்குத் தனி விலை. எனக்குச் சீட்டு இல்லை. நான் ஒரு வழியில், அவள் இன்னொரு வழியில். கண்டி என்று ஊர் சொல்லிப் பத்தினியிடம் நேர்ந்துகொண்ட ஒருத்தியின் பிள்ளை அங்கே வெளிநாட்டுக்காரியாக நின்று சீட்டு வாங்குவதைப் பார்க்க எனக்கு நெஞ்சடைத்தது. அவள் சீட்டை வாங்கி மடித்துக் கைபேசி உறைக்குள் வைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தாள். "அத்தை, இந்தச் சத்தம் நம்ம நாதஸ்வரம் மாதிரியே இருக்கில்ல?" என்றாள். நான் அவளுக்குத் தாமரை மடிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தேன். மேசையில் அவள் பூவை வைத்தபோது பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள். அவள் நகரவில்லை, கதவைப் பார்த்தபடி முழுதாக ஒரு வேண்டுதல் சொல்லி முடித்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

மத்தியானம் அவளை லங்காதிலகத்துக்குக் கூட்டிப்போனேன். உடுநுவரையில், வயல்களுக்கு நடுவே ஒரு பெரிய பாறையின் உச்சியில், 1344இல் நான்காம் புவனேகபாகு காலத்தில் எழுந்த விகாரை. கட்டியவர் ஸ்தபதி ராயர். பக்கத்தில் இருக்கும் கடலாதெனிய விகாரையைக் கட்டியவர் கணேஸ்வராசாரி. இரண்டு பேரும் தென்னிந்தியப் பாணியில் கை தேர்ந்தவர்கள். முன்பக்கம் புத்தர் வீற்றிருக்க, சுற்றிலும் உபுல்வன், சமன், விபீஷணன், பிள்ளையார், கந்தன் என்று தெய்வங்கள் இருக்கும் கட்டடம். அங்கே பாறையில் ஒரு சிங்களக் கல்வெட்டும் ஒரு தமிழ்க் கல்வெட்டும் இருக்கின்றன. அவளுக்கு அது தெரியாது. நானும் சொல்லவில்லை. வெயிலில் பாறையில் சூடு ஏறியிருந்தது. வெறுங்காலோடு துள்ளித் துள்ளி நடந்தவள் திடீரென்று குனிந்தாள். "அத்தை, இது க. இது ம. இங்க பாருங்க, தமிழ்!" என்று கூவினாள். பழைய எழுத்து, புள்ளியில்லாமல், வடவெழுத்தும் கலந்து. அவளால் தொடர்ந்து படிக்க முடியவில்லை. என்னாலும் முடியாது. ஆனாலும் கால் சுடுவதை மறந்து இருவரும் எழுத்து எழுத்தாகத் தேடிக்கொண்டு போனோம்.

தேவாலயப் பக்கம் வந்தபோது கப்புறாளை திரையை ஒதுக்கிவிட்டு, பேர் என்ன, ஊர் என்ன என்று கேட்டார். அவளுக்காக நான் சிங்களத்தில் பதில் சொன்னேன். அவர் மன்றாடத் தொடங்கி, ஊர்ப்பெயர் வரவேண்டிய இடத்தில் நின்று, திரும்பவும் கேட்டார். கோத்தகிரி என்றேன். அது எங்கே இருக்கிறது என்றார். கடலுக்கு அந்தப் பக்கம், மலைமேல் என்றேன். அங்கே என்ன விளையும் என்று கேட்டார்.

தேயிலை என்றேன்.